ஒரு கையை மட்டும் தூக்கிய உளவாளி

சூசைண்ணன் போயிட்டார். நேத்து சாயங்காலம், கடத்தூர்ல, அவர் வூட்டுலயே.

அடக்கம் முடிஞ்சு இப்பத்தான் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இதை டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

பேர் சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா எண்பதுகள்ல டிவி பார்த்த நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ஆளைத் தெரியும்... நீளக் கோட்டு, இடது கை எப்பவும் பாக்கெட்டுக்குள்ள, ஓடவே ஓடாத ஒரு உளவாளி.

மெட்ராஸ்ல இருந்து ஒரு சின்ன கம்பெனி வந்து பென்னாகரத்துல அந்த சீரியலை எடுத்தாங்க. எல்லைக் காடு, ரகசிய ஆவணம், எதிரி நாட்டு ஒற்றர்கள்னு கதை. செலவு குறையட்டும்னு உள்ளூர் நாடகக்காரங்களையே நடிக்க எடுத்தாங்க.

என்னை எடுத்ததுக்கு ஒரே காரணம், நல்லா குதிப்பேன். காலேஜ் வாலிபால் டீம், கம்பைநல்லூர்ல நான் ஏறாத காம்பவுண்டு சுவர் கிடையாது.

அதனால என் கேரக்டரும் ஓடும், தாவும், மாடியில இருந்து வைக்கோல்ல விழும். எதிரி ஒற்றன்... ஆனா மூளை மட்டும் எழுதாம விட்டுட்டாங்க.

சூசைண்ணனுக்குக் குரல். மெதுவா ரெண்டு வார்த்தை பேசினாலே டீக்கடையில இருக்கறவங்க பேச்சை நிறுத்திட்டுக் கேப்பாங்க.

செலக்‌ஷனுக்கு சால்வை போர்த்திக்கிட்டு வந்தார். மார்கழிக் குளிர்னு எல்லாரும் நினைச்சாங்க.

விஷயம் அது இல்ல. சின்ன வயசுல மாட்டு வண்டியில இருந்து விழுந்து, கட்டு சரியா அமையாம இடது தோள் இறுகிப்போச்சு. முழங்கையும் பாதிதான் மடங்கும். ஒரே ரூம்ல தங்கினதால எனக்குத் தெரியும், அவர் கோட்டுக்குப் பட்டன் போட்டு விட்டது நான்தான்.

ஏன்ணா சொல்லலைன்னு கேட்டேன். அவங்க ஊர் சர்ச்சுல வருஷா வருஷம் இயேசு சிலுவையில சாகற பாஸ்கா நாடகம் போடுவாங்களாம். இயேசு வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம்... ஆனா சிலுவையில ரெண்டு கையையும் விரிக்கணுமே. அவருக்கு எப்பவும் தீர்ப்பு சொல்ற பிலாத்து வேஷம்தான் குடுத்தாங்க, அங்கி போட்டு மூடிடலாம்னு.

இந்த வேஷமும் கை நழுவிடுமோன்னு அவருக்குப் பயம். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த சீன் வந்துச்சு. ஒரு பழைய கோடவுன். நான் துப்பாக்கியை நீட்டி, மொத்த சீரியல்லயும் எனக்குக் கிடைச்ச ஒரே வசனத்தைச் சொல்லணும். "கையைத் தூக்கு."

சொன்னேன். அவர் வலது கையை மட்டும் தூக்கினார்.

கட். ரெண்டு கைங்கன்னார் டைரக்டர். மறுபடி எடுத்தோம்... மறுபடி வலது கை மட்டும்தான் மேல போச்சு.

டைரக்டர் பக்கத்துல வந்து அவர் கோட்டை விலக்கிப் பார்த்தார். போய் சேர்ல உட்கார்ந்தார். அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டு, மெட்ராஸ்ல இருந்து வேற ஆளை வரச் சொல்லுன்னார். நாங்க எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

சூசைண்ணன் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரல. கெஞ்சவும் இல்ல.

"பயந்தவன்தாங்க ரெண்டு கையையும் தூக்குவான். இவன் ஒண்ணுதான் தூக்குவான். இன்னொரு கையில என்ன இருக்குதுன்னு எதிராளி ரோசன பண்ணட்டுங்க."

டைரக்டர் சிகரெட் முடியற வரைக்கும் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் கேமராவை ரெடி பண்ணச் சொன்னார்.

திரும்ப நான் துப்பாக்கியை நீட்டினேன். வலது கை மெதுவா மேல போச்சு... என் கண்ணு அந்தப் பாக்கெட்டை விட்டு அசையல. உள்ள ஒண்ணும் இல்லைன்னு இந்த உலகத்துலயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். இருந்தும் நிஜமாவே பயந்தேன். டேக் ஓகே.

அன்னைக்கு சாயங்காலமே கதையை மாத்தி எழுத ஆரம்பிச்சாங்க. இந்த உளவாளி துரத்த மாட்டான், எதிரி வர்ற இடத்துக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருப்பான். சண்டை போட மாட்டான், பேசியே கவுத்துடுவான். ஒத்தக் கையில தீக்குச்சி உரசறது சூசைண்ணனுக்கு சின்ன வயசுப் பழக்கம்... அதையும் சேர்த்துக்கிட்டாங்க.

சீரியல் வந்தப்போ தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பாதிப் பசங்க இடது கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. பாக்கெட் இல்லாதவன் லுங்கி மடிப்புல விட்டுக்கிட்டான்.

என்னை ஒருத்தனும் கண்டுக்கல. அவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தேன், ஒரு பய கேக்கல.

சீரியல் முடிஞ்சதும் மெட்ராஸ்ல இருந்து யாரும் கூப்பிடல. அவர் பால் சொசைட்டி வேலைக்குப் போயிட்டார். நல்லது கெட்டதுல பார்த்துக்குவோம்.

எங்க போனாலும் ஜனங்க அதே கேள்விதான் கேப்பாங்க. நடிப்புதான் முடிஞ்சு போச்சே, இன்னும் பாக்கெட்டுல கை விடற பழக்கம் போகலீங்களான்னு. "போகலீங்க"ன்னு சிரிப்பார். அது ஸ்டைலுன்னே எல்லாரும் நம்பினாங்க. அவரும் அப்படியே விட்டுட்டார்.

இன்னைக்குப் பெட்டியில படுக்க வச்சிருந்தாங்க. ஜெபமாலை சுத்தறதுக்காக ரெண்டு கையையும் நெஞ்சு மேல சேர்த்து வைப்பாங்க இல்லையா... இடது கை வரல. விறைச்சுப் போச்சுன்னு சொல்லிக்கிட்டே உறவுக்காரர் ஒருத்தர் கொஞ்சம் அழுத்தி இழுத்தார்.

அதுவரைக்கும் அழாம சுவர் ஓரமா உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிலோமினாக்கா எழுந்து வந்து தடுத்தாங்க.

"இழுக்காத சாமி. அவருக்கு வலிக்கும்."

அந்தாளு கையை எடுத்துட்டார். அக்காவே ஜெபமாலையை வலது கையில சுத்தி விட்டாங்க.

தூங்குங்க சூசைண்ணா...