கைரவான் நகரத்துப் பெண்ணும் எங்கள் ராத்தாவும்

உயிரைத் தந்தவன் தன் அமானிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டான். அவன் முடிவைப் பொருந்திக்கொண்டு, எங்கள் ராத்தாவைப் பற்றி அவருடைய தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

ராத்தா சாய்ந்தமருது கடற்கரைத் தெருவில், கரைவலைக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். உம்மா இள வயதிலேயே மௌத்தாகிவிட, தம்பி தங்கைகள் எங்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவர் அவரே. அன்பைப் போலவே கோபமும் அவருக்குத் தாராளம். அகப்பைக் காம்பால் அடி வாங்காத முதுகு எங்கள் வீட்டில் இல்லை.

சூறாவளி அடித்த வருடம், நோன்பு மாதத்தில், கெய்ரோவில் படித்துவந்த மௌலவி ஒருவர் எங்கள் ஊரில் பயான் உரை நிகழ்த்தினார். ஆபிரிக்காவின் கைரவான் நகரம் உலகுக்குத் தந்த பெரியார்களைப் பற்றியது அது. சட்ட மேதைகள், வைத்தியர்கள், கவிஞர்கள் என்று ஒவ்வொருவராக விரித்துச் சொன்னவர், கடைசியில், "அங்கிருந்து மொரோக்கோ போன ஒரு பெண்மணியும் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார்" என்று சொல்லி முடித்துவிட்டார். உடனே பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"மௌலவி, ஆம்பிளைகள்ட கதையெல்லாம் விரிச்சி விரிச்சிச் சொன்னீங்க. அந்தப் பொம்பிளைட கதைய மட்டும் ஏன் ஒரு வரியில முடிச்சீங்க?"

ஆண்கள் பக்கத்திலிருந்த எங்கள் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். மௌலவி கோபிக்கவில்லை, சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். தகப்பன் விட்டுப்போன முதுசத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அந்தப் பெண் கட்டிய பள்ளிவாசல், பின்னாளில் பெரிய கலாசாலையாக வளர்ந்த கதையை முழுதாகச் சொன்னார்.

பிறகு சூறாவளி வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் படித்த பாடசாலையின் கூரை பறந்தது. ஆண் பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள், அவர்களில் சிலருக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தும்.

ராத்தாவுக்காக வாப்பா கட்டிய சீதன வீடு தப்பியிருந்தது. அக்கரைப்பற்றில் மாப்பிள்ளையும் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தியதால், கலியாணத்துக்கு முன்பே வீட்டை ராத்தாவின் பெயருக்கு உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்திருந்தார் வாப்பா. பெரியவர்கள் கணக்குப் பிழைத்தது அங்கேதான். ராத்தா அந்த வீட்டு மண்டபத்தில் கரும்பலகையை மாட்டிப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னகா இது? எங்கட மகன் இரிக்கப்போற வீட்டுல ஊர்ப் புள்ளையளா?"

"மாமி, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரட்டும். அதுக்குப் பொறகு கலியாணத்த வைப்பம்."

"அதுவரைக்கும் எங்கட புள்ள காத்திரிக்கமாட்டான்."

வாப்பா கெஞ்சினார். "மகள், புள்ளையள அனுப்பிடு. என்ட மானம் போகப்போகுது."

"உறுதி என்ட பேர்லதானே இரிக்கி வாப்பா? நான்தான் மாட்டன் எண்டுட்டன் எண்டு சொல்லுங்க. உங்களுக்கு ஒரு பழியும் வராது."

கலியாணம் நின்றுபோனது. அன்று பின்னேரம் கிணற்றடியில் ராத்தா அழுததை நான் கண்டேன். அடுத்த நாள் காலையில் வகுப்பு வழமைபோல் நடந்தது.

அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். பாடசாலைக்குக் கூரையும் வந்தது. ராத்தாவின் மண்டபத்தில் பின்னேர வகுப்பு மட்டும் நிற்கவில்லை. வெகுநாள் முகங்கொடுத்துக் கதைக்காதிருந்த வாப்பா, ஒருநாள் உடைந்த தோணியின் பலகைகளைச் சுமந்து வந்து, பிள்ளைகள் உட்கார வாங்கு அடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கேட்டு வேறு எவரும் வரவில்லை. வந்தாலும் மண்டபத்தைக் கேட்காத மாப்பிள்ளை வேண்டும் என்று ராத்தா எங்களிடம் பகிடி விடுவார். நோயில் விழுவதற்கு முன்பே வீட்டைப் பெண் பிள்ளைகளின் படிப்புக்கென்று நிரந்தர அறக்கொடையாக வக்பு செய்தும்விட்டார்.

கல்முனை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதிமார், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த கடற்கரைத் தெருச் சகோதரர்கள், சம்பளம் வாங்காமல் கணிதம் படிப்பிக்க வரும் ஆசிரியர் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக.

இன்று ராத்தாவின் நினைவாக ஓதும் வருடக் கத்தத்துக்கு வந்து, இந்த நினைவு மலரோடு முற்றத்துப் பந்தலில் வெக்கையில் அமர்ந்திருக்கும் உங்களிடம், பிழை பொறுக்கச் சொல்லி ஒரு பொருத்தம் கேட்கிறோம். மண்டபத்தில் ஏன் பாய் விரிக்கவில்லை என்று சிலர் மனக்குறைப்படுவீர்கள். அங்கே பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்தாவின் கத்தம்தான் என்றாலும், வகுப்பை நிறுத்த எங்களுக்குத் துணிவில்லை.