செல்லையன் ஆடாத ஆட்டம்

டிவியில் பிரேசிலின் ஏதோ ஒரு சிற்றூர் கிளப் ஆடுகிறது. ரசிகர்கள் மேளம் கொட்டிப் பாடுகிறார்கள். அந்தச் சத்தம் என்னை நன்னிலத்துக்கு இழுத்துப் போனது.

பள்ளிக்கூட நாளில் எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு நான் கேப்டன். கோல் போடுவது செல்லையன். அவன் அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். கூலி கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த வருடம், இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் அப்பா சொன்னார்: "கொடி புடிச்ச வீட்டுப் பய ஆடக்கூடாது."

செல்லையனிடம், "நாளைக்கு நீ வேணாம்" என்றேன். மற்றவர்களிடம், அவனுக்குக் காலில் அடி என்று பொய் சொன்னேன்.

மறுநாள் அவன் கோட்டுக்கு வெளியே தன் தெருக்காரர்களோடு நின்று, தகரத்தைத் தட்டி எங்களுக்காகக் கத்தினான். ஜெயித்தோம்.

"கால் எப்படிடா இருக்கு?" என்று ஒருவன் அவனைக் கேட்டான்.

செல்லையன் என்னைப் பார்த்தான். "வலிக்குதுடா" என்றான்.

நான் கோப்பையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.