சேலையை வாசலுக்குக் கொண்டுபோன கடை

இன்று ஒப்பணக்கார வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த பழைய கடையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரை போய்விட்டது. சுவர் பாதிதான் பாக்கி.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ரஹீம் பாய். அங்கே பட்டுச்சேலைப் பிரிவில் வெகுகாலம் சேல்ஸ்மேனாக இருந்தவர்.

"ஏனுங்க பாய், இடிச்சுப்போட்டாங்களா?"

"ஆமாங்க அம்மணி. ஓனர் பசங்க வித்துப்போட்டாங்க."

பகலிலேயே இருட்டாக இருக்கும் கடை அது. ட்யூப்லைட்டில் கலரை நம்பாதீர்கள் என்று பாயே சொல்வார். சேலையைத் தோளில் போட்டு வாசல் வரை நடந்து, வெயிலில் விரித்துக் காட்டுவார். மொத்தக் குடும்பமும் பின்னாலேயே போகும். என் கல்யாணச் சேலைக்கு மட்டும் ஆறு தடவை நடந்தார். கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

இதைச் சொன்னதும், "ஞாபகம் இருக்குதுங்க" என்றார். இருக்க வாய்ப்பில்லை. மரியாதைக்குச் சொன்னார்.

பிறகு இடிபாட்டுக்குள் கைகாட்டினார்.

"அந்த மூலைதானுங்க நம்ம பட்டு செக்சன். இப்பப் பாருங்க, பூரா வெயிலு. இனி வாசலுக்கு நடக்கவே வேண்டியதில்லீங்க."



அதே இடத்தில் பெரிய ஏசி ஜவுளிக்கடை வருகிறதாம். அங்கே பில் போடாத சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் பாருங்கள், அலாரம் அடிக்கும்.

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டுக் கல்யாணச் சேலைக்கு எத்தனை நடை?