புளி போட்டு மினுக்கிய கோதுகள்

என் சகலனை எனக்குப் பிடிக்காது. மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்பதற்காகச் சிரித்துப் பேசுவேன், அவ்வளவுதான். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தான், இல்ஃபோர்டில் கடை திறந்தான், வந்த கையோடு எங்கள் துப்பாக்கிக் கிளப்பிலும் சேர்ந்தான். ஏன்? நான் அங்கே இருக்கிறேன் என்பதற்காக. வேறென்ன காரணம்? மூன்றே வருடத்தில் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துச் சுடுகிறான்.

அதிலும் அவன் சுடுவது கடைத் தோட்டா. பெட்டியை உடைப்பான், போடுவான், சுடுவான். தோட்டாவைத் தானே செய்யாதவனை நான் ஒரு ஆளாகவே கணக்கெடுப்பதில்லை. இடியப்பத்தைக் கடையில் வாங்கி, வீட்டுப் பாத்திரத்தில் மாற்றிவைத்து விருந்தாளிக்குக் கொடுக்கிறார்களே, அந்த ரகம்.

என் வேலை வேறு. தோட்டாவைச் சுட்டபின் மிஞ்சுகிற பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் சுடச்சுட அதன் கழுத்து கடினமாகிக்கொண்டே போகும். பறந்துபோய் இலக்கில் விழுகிற ரவையைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கழுத்துத்தான். ஒரு கோது இறுக்கிப் பிடித்து, இன்னொன்று தளரப் பிடித்தால், ஆயிரம் கஜ தூரத்தில் ஒரு ரவை மேலே போகும், மற்றது கீழே விழும். அதனால் குட்மேய்ஸில் என் வீட்டுக் கராஜில் இருந்துகொண்டு, கோதுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் கழுத்தை மட்டும் காஸ் நெருப்பில் காட்டுவேன். வாய்க்குள் எண்ணி, சட்டென்று எடுத்துவிடுவேன். கழுத்து இளகும், அதற்குக் கீழே ஒரு நீலம் பாயும். அந்த நீலத்தைப் பார்க்கிற சந்தோசம் பெட்டி உடைக்கிறவனுக்கு எங்கே விளங்கப்போகிறது!

போன வருடம் கிளப் அணியில் ஓரிடம் காலியானது. பதினொரு வருடமாக நான் காத்துக்கிடந்த இடம். அத்தனை வருடமும் போட்டிகளில் மற்றவர்கள் சுட, பள்ளத்துக்குள் நின்று இலக்குப் பலகையை ஏற்றி இறக்கியவன் நான். போட்டிக்கு நின்றது இரண்டே பேர், நானும் அவனும். ஞாயிற்றுக்கிழமை சுட்டுக் காட்ட வேண்டும்.

வெள்ளி பின்னேரம் பாதிக் கோதுகளுக்குச் சூடு காட்டி முடிய, காஸ் தீர்ந்தது. நீலம் இருக்கிறதே, அதை வைத்துப் பிரிக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் குசினி யன்னலில் வைத்தேன். மறுநாள் காஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், கிண்ணம் தகதகவென்று மின்னுகிறது. குத்துவிளக்குத் தேய்த்த மனைவி, மிஞ்சிய புளியில் என் கோதுகளையும் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவும் வைத்திருக்கிறாள். மருந்துக்கும் நீலம் இல்லை.

"எப்பிடி இருக்கு? கறுத்துப்போய்க் கிடந்துது. பாவம், உங்களுக்கு நேரமில்லை எண்டு நான்தான் தேய்ச்சனான்."

"ஐயோ, ஆரப்பா உம்மைக் கேட்டது?"

எது சூடு காட்டியது, எது காட்டாதது என்று ஆண்டவனுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் திரும்ப ஒருமுறை காட்டியிருந்தால் காரியம் முடிந்தது. ஒரு மணித்தியால வேலை. காஸும் கையில் இருந்தது. நான் செய்யவில்லை. யாரோடு போட்டி? கடைத் தோட்டா சுடுகிற பேயனோடு! அவனை வெல்ல இது போதாதா? அப்படியே வெடிமருந்தையும் ரவையையும் ஏற்றினேன்.

ஞாயிறு நான் சுட்ட முதல் மூன்றும் நடுவில் விழுந்தன. நாலாவது உச்சியில். ஐந்தாவது அடியில். பிறகு ஒரே ஏற்றமும் இறக்கமும்தான். பக்கத்துப் பாயில் சகலன் தேத்தண்ணி ஊற்றுகிறவன் மாதிரி அலுப்பில்லாமல் சுட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய கடைத் தோட்டாவில் ஒரு சிறப்பும் இல்லை, ஆனால் ஒன்றைப் போலவே மற்றதும் இருந்தது. கிளப் கப்டன் அவனுடைய பெயரை எழுதிக்கொண்டார்.

சகலன் என்னிடம் வந்தான். முகத்தில் கொஞ்சம் எகத்தாளம் இருந்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்னண்ணை, என்ன நடந்தது?"

"காத்து," என்றேன். "நீர் கவனிக்கேல்லையோ? குறுக்கால அடிச்சது."

"குறுக்கால அடிச்சா பக்கவாட்டிலயெல்லோ போகும்? உங்கட மேலயும் கீழயுமெல்லோ போனது." குரலைத் தாழ்த்தினான். "கழுத்துப் பிடி ஒரே மாதிரி இல்லைப் போல. எல்லாத்துக்கும் சூடு காட்டினனீங்களோ, அண்ணை?"

ஒரு மண்ணும் தெரியாதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் கேட்கிறான்.

"ஓம்," என்றேன்.

நான் பொய் சொல்கிறேன் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. "அப்ப சரி," என்று சொல்லி, என் பாயையும் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். சனியன், அதைக்கூட மரியாதையாகத்தான் செய்தான்.