பிளாங்கா கொட்டிய காளான்

பிளாங்காவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள்; தேதி சரியாக இருந்தால், அதை ஒட்டியவன் யார் என்று யோசிப்பாள். யாராவது "இன்னைக்கு அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், முகத்தில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கண்ணாடி தேடுவாள். செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பின்லாந்தின் யொயென்சூவுக்கு வனவியல் படிக்க வந்தவள். வந்து வருஷக்கணக்கான பிறகும், பக்கத்து அறைக்காரி கொடுத்த கேக்கை, கொடுத்தவள் தின்று மறுநாள் எழுந்து நடமாடுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டாள்.

இப்படிப்பட்டவளைப் போய், கூடப் படிக்கும் யார்க்கோ தன் குடும்பத்து ஏரிக்கரை மரவீட்டுக்கு வார இறுதியில் தங்க வரச்சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. துறையில் ஆராய்ச்சி உதவியாளர் இடம் ஒன்றே ஒன்று காலி. வகுப்பில் பலர் விண்ணப்பித்து, கடைசியில் மிஞ்சியது அவளும் யார்க்கோவும்தான். திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள். கிடைத்தால் இந்தக் காடுகளிலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, மாற்றாந்தகப்பனின் பெயிண்ட் கடையில் டப்பா அடுக்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்த போட்டியாளன் எதிரில் வந்து நின்று அழைத்தால் என்ன நினைப்பது?

"யார் யார் வர்றாங்க?" என்றாள்.

"மின்ட்டு வர்றா. துவார்த்தே வர்றான்."

"எதுக்கு என்னைக் கூப்பிடறே?"

யார்க்கோ நன்றாக யோசித்தான். "சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் போனாள். போகாமல் இருந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்குமோ என்ற கவலை இன்னும் பெரிதாக இருந்தது.

மே மாதக் கடைசி. மூட்டைகளை இறக்கிவைத்ததும், யார்க்கோ தன் சித்தப்பா பெண் மின்ட்டுவையும், எந்நேரமும் பசியோடு திரியும் போர்த்துக்கீசியன் துவார்த்தேயையும் வலை போடச் சொல்லிப் படகில் ஏற்றி அனுப்பினான். கூடையை எடுத்துக்கொண்டு பிளாங்காவிடம், "நீ மட்டும் வா," என்றான்.

நேர்வழியில் போகவில்லை. ஓடையைத் தாண்டினான், திரும்பி வந்தான், சதுப்பைச் சுற்றினான். அடிக்கடி நின்று பின்னால் பார்த்தான்.

"என்ன பார்க்கறே?"

"பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துடப் போறார்."

"பார்த்தா என்ன?"

"பார்க்கக் கூடாது."

பிளாங்கா பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள். சிக்னல் இல்லை. திரும்பிப் போகலாம் என்றால் வழி தெரியாது. அதற்காகத்தான் சுற்றிச் சுற்றி இழுத்து வந்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

பைன் மரங்களை வெட்டி எடுத்த ஒரு மணல்வெளியில் வந்து நின்றார்கள். இயந்திரச் சக்கரம் கீறிய தடங்களில், பழுப்பு நிறத்தில், மூளையைப் போலச் சுருக்கம் சுருக்கமாகக் காளான்கள் முளைத்திருந்தன. யார்க்கோ மண்டியிட்டு ஆசையாகப் பறிக்க ஆரம்பித்தான். பிளாங்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் ஊரில் பேசப் பழகும்போதே காளான் பெயரும் சொல்லப் பழகுவார்கள். அவள் பள்ளிச் சுவரில் இந்தக் காளானின் படத்துக்குக் கீழே மண்டையோடு வரைந்திருந்தது.

"இது விஷம் இல்லே?" என்று கேட்டாள்.

"விஷம்தான்," என்றான் அவன், தலை நிமிராமல். பிறகு கூடையை அவள் கையில் கொடுத்து, "இந்த இடத்தை யார்கிட்டயும் சொல்லாதே," என்றான்.

"யார்கிட்டயும்னா?"

"யார்கிட்டயும்."

கொலைகாரன்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவானா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. ஆனால் ஊமைக்கோட்டான்கள் எப்போதும் அப்படித்தான் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் யார்க்கோ ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, "எல்லாரும் வெளிய இருங்க. இந்த ஆவி உடம்புக்கு ஆகாது," என்று விரட்டினான். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பானைத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் தூரத்தில் ஊற்றியதைப் பிளாங்கா கண்ணால் பார்த்தாள். அதற்குள் வலையைக் காயப்போட ஒரு கை பிடிக்கும்படி மின்ட்டு கூப்பிட்டுவிட்டாள். திரும்பி வந்தபோது வெண்ணெயும் வெங்காயமும் பாலாடையும் சேர்ந்து கமகமவென்று மணத்தது.

"வாசனையே ஆளைத் தூக்குதேப்பா!" என்று துவார்த்தே நாக்கைச் சப்புக்கொட்டினான்.

மேசையில் மூன்று தட்டுகள்தான் இருந்தன.

"உனக்கு?" என்றாள் பிளாங்கா.

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். சவுனாவுக்கு நெருப்பு பார்க்கணும்," என்று யார்க்கோ வெளியே இருந்த நீராவிக் குளியலறைக்குப் போனான். மற்ற இருவரும் கை கழுவ ஏரிக்கு இறங்கினார்கள்.

மூன்று தட்டு! அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, தோட்டத்துக் கழிப்பறைக் குழியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். மூன்று உயிரைக் காப்பாற்றிய பெருமையில் மூச்சு வாங்கியது. ஆனால் அவர்கள் வந்து நின்றபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"கை தவறிக் கொட்டிடுச்சு," என்றாள்.

யார்க்கோ தரையைப் பார்த்தான். காலிச் சட்டியைப் பார்த்தான். "பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு சாஸேஜ் சுடப் போனான். துவார்த்தேதான் எழவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, நீராவிக் குளியலுக்குப் பெண்கள் முறை வந்தது. சவுனாவில் மின்ட்டு சூடான கல்மேல் தண்ணீரை விசிறினாள்.

"கூடை நிறைய இருந்துச்சே. இத்தனையும் யார்க்கோ எங்க பறிச்சான்?"

"காட்டுக்குள்ள. என்னையும் கூட்டிட்டுப் போனான்."

மின்ட்டுவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "உன்னையா? அந்த இடத்துக்கா? அடிப்பாவி, நான் அவன் தங்கச்சிடி! சின்னதுல ஒளிஞ்சு ஒளிஞ்சு பின்னாடியே போயிருக்கேன். வேணும்னே சதுப்புல இறக்கிவிட்டு வந்துட்டான். எங்க பெரியப்பா, அதான் அவன் அப்பா, உடம்பு முடியாம இருந்தப்பதான் அவனுக்கே காட்டினார்."

"ஆனா அது விஷமாச்சே?"

"விஷம்தான். நிறையத் தண்ணி வெச்சு ரெண்டு தடவை கொதிக்கவிட்டு, ரெண்டு தண்ணியையும் கொட்டி அலசணும். சந்தைல எச்சரிக்கைச் சீட்டு குடுத்து விப்பாங்களே, பார்த்ததில்ல?"

பிளாங்கா சந்தைப் பக்கமே போனதில்லை. அங்கே தராசு சரியிருக்காது என்பது அவள் எண்ணம். அப்போது அவளுக்கு வந்த வெட்கத்துக்கு சவுனா சூடு ஒன்றுமே இல்லை. அழுகை வந்தது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டாள்.

யார்க்கோ படகுத்துறையில் காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தான். அவள் ஈரத்தலையோடு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அது கை தவறல. நான்தான் கொண்டுபோய்க் குழியில கொட்டினேன்."

"தெரியும். தரை காய்ஞ்சிருந்துச்சு."

"நீ என்னைக் கொல்லப் பார்க்கறேன்னு நினைச்சேன். அந்த வேலைக்காக."

அவன் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். "அவங்க ரெண்டு பேரையும் சேர்த்தா?"

"சாட்சி இருக்கக் கூடாதுன்னு."

யார்க்கோ சிரித்து அவள் பார்த்ததில்லை. இப்போது துறைப் பலகை ஆடும்படி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதுக்கு எனக்கு அந்த இடத்தைக் காட்டினே? உண்மையைச் சொல்லு."

"வேலை உனக்குத்தான் கிடைக்கும். உன் அறிக்கையைப் படிச்சேன். என்னோடதைவிட நல்லாருக்கு," என்றான். சிரிப்பு போய்விட்டது. "நான் ஸ்வீடன்ல ஒரு வேலைக்குச் சரின்னு சொல்லிடுவேன். மே மாசம் இங்க வர முடியாது. அப்பா காட்டின இடம், காளான் அப்படியே அழுகக் கூடாது. மின்ட்டுவுக்கு வாய் நிக்காது, ஊரே வந்து வாரிட்டுப் போயிடும். நீ யாரையும் நம்பமாட்டே. அதனால யார்கிட்டயும் சொல்லமாட்டே."

பிறந்ததிலிருந்து எல்லாரும் குறைசொன்ன குணத்தை ஒருவன் தகுதியாக எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பிளாங்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் எழுந்துபோய், தனக்கென்று எடுத்துவைத்திருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்தான். முதல் வாயை அவன் தின்றுவிட்டு, கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தின்றாள். அந்தப் பாலாடைச் சுவை தொண்டையில் இறங்கியபோது, குழியில் கொட்டியது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. யார்க்கோ அந்த இடத்துக்கு நேர்வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டு, கோடையிலேயே ஸ்வீடனுக்குப் போய்விட்டான். பிளாங்கா இன்றுவரை அந்த மணல்வெளி எங்கே இருக்கிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால், கேட்டவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பாள்.

அடுத்த மே மாதம் தனியாகப் போய்க் கூடை நிறையப் பறித்துவந்தாள். ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சமைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் தின்றுகாட்ட எதிரில் ஆள் இல்லை. ஸ்வீடனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு தடவைதானே கொதிக்கணும்?"

"ஆமா."

வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேரைக் கேட்டிருப்பாள். யார்க்கோ சொன்னதால் போனை வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.