மஞ்சள் கரைத்த தொட்டிகள்

போன செவ்வாய்க்கிழமை மீன் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து ரோசலின் மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். குழாயை மூடத் தோன்றவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

மேடத்தின் நினைவு மலரில், அவர்களிடம் படித்த நீங்கள் பெரிய விஷயங்களை எழுதுவீர்கள். நான் எட்டாவது வரை படித்தவள். சிதம்பரத்தில் அவர்கள் லேபில் எட்டு வருஷமாக மீன்களைப் பார்த்துக்கொள்கிறவள். நோயை எதிர்க்கிற செல்கள் காயம் ஆறவும், அறுந்தது திரும்ப வளரவும் என்ன செய்கின்றன என்று தேடுவதுதான் மேடத்தின் வாழ்நாள் வேலை. அதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2004ல் குமராட்சியிலிருந்து மினிபஸ் பிடித்து வேலைக்கு வந்த புதிது. விரல் நீளம்கூட இல்லாத மீன்களின் வாலில் துளி வெட்டி விடுவார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. புண்ணோடு நீந்துவதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டு மஞ்சள்தூளைக் கொண்டுபோய் எல்லாத் தொட்டியிலும் கரைத்துவிட்டேன்.

மூன்று மாத வேலை பாழ். மஞ்சள் பட்ட மீனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதாம். ஆபீஸ்காரர், "இவுங்கள இன்னிக்கே நிறுத்திடலாம் மேடம்" என்றார். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

மேடம் தொட்டியைக் குனிந்து பார்த்தார்கள். "புளியும் கரைச்சிருந்தா கொழம்பே ஆயிருக்கும் செல்வி." பிறகு அவரிடம், "தப்பு என்னுது சார். எதுக்கு வெட்டுறோம்னு இவுங்ககிட்ட நான் சொல்லவே இல்ல" என்றார்கள்.

அன்றே என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார்கள். வெட்டுப்பட்ட இடத்துக்குக் குட்டிக் குட்டிப் பொட்டுகள் ஊர்ந்து வந்தன.

"இவுங்கதான் நோய எதுக்குற செல்லுங்க. வந்து செத்ததத் தின்னு எடத்த சுத்தம் பண்ணுவாங்க. அப்பறம் புதுசு வளர ஆள் கூப்புடுவாங்க. இவுங்க இல்லன்னா வால் ஒழுங்கா வளராது."

"அப்ப நம்மள மாதிரி கூட்டிப் பெருக்குற ஆளுங்களா மேடம்?"

"ஆமா. ஆனா உங்கள மாதிரி ஜாஸ்தி பேச மாட்டாங்க."

அந்த வருஷம் போகவேண்டிய ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு மேடம் போகவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலை தொடங்கினாலும் முதலில் என்னை உட்காரவைத்து விளக்குவார்கள். "புரியலன்னா தலையாட்டாதீங்க" என்பார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண், "எந்தத் தொட்டிக்கா கழுவணும்?" என்று வந்து நின்றாள். "கழுவறது இருக்கட்டும், இங்க என்ன நடக்குதுன்னு மொதல்ல கேட்டுக்கோ" என்று உட்காரவைத்தேன். மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "இத்துனூண்டு மீன வெட்டுறது பாவம் இல்லியாக்கா?" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வாய்திறந்து கேட்காததை இவள் முதல் நாளே கேட்டுவிட்டாள்.