லீவு போட்டு வந்த சான்றிதழ்

1. ஜூன் மாதம், திமிரியில் நான் கணினி ஆசிரியையாக வேலை செய்யும் பள்ளிக்கு ஒரு ராணுவ வீரரின் மனைவி, மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வந்தார்.
2. மகள் முன்பு படித்த ஜோத்பூர் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வந்திருக்கவில்லை.
3. நான் எழுதிய சேர்க்கை மென்பொருள், சான்றிதழ் எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது.
4. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். ஊர் மாறும்போதெல்லாம், பாடம் எதுவரை நடந்தது என்று ஆசிரியர்களிடம் ஒரு நோட்டில் எழுதி வாங்குவது அவர் வழக்கம். நான்கு பள்ளிகளின் கையெழுத்தைப் புரட்டிக் காட்டினார்.

"இதைப் பாத்துட்டு கிளாஸ்ல உக்கார வையுங்க மேடம்."

"சான்றிதழ் வரட்டும்மா. கம்ப்யூட்டர் எடுக்காது."

"அவங்க அப்பாவுக்கு ஆர்டர் வந்தா ரெண்டே நாள்ல கெளம்பிடணும். இந்தக் காகிதம் மட்டும் லீவு போட்டுட்டு வருது," என்று சிரித்தார்.

சான்றிதழ் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை மகள் பள்ளி இல்லாமல் வீட்டில் இருந்தாள்.

"காகிதம் பின்னால வரட்டும்னு சேத்திருக்கலாமே, என்னை ஏம்மா கேக்கல?" என்றார் தலைமையாசிரியை.

சேர்க்கை முடிந்த அன்று அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். ஏன் கோபப்படவில்லை என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.

மென்பொருளைத் திருத்திவிட்டேன். அந்த அம்மாவின் மகள் காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறியிருக்கிறாள்.